மினுக்கம் கொட்டாத ராசமுடி

அன்று முற்றத்தில் அத்தான் இருந்தார், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். கூத்துக்கு வழக்கமாக ராசமுடி கட்டித் தருகிற ஆசாரியார் இல்லை. அவர் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார். பசையும் இல்லை. சண்டையில் பாதை அடைபட்டு, கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராத காலம். பாயின் மேல் கடதாசி மட்டையில் வெட்டிய ராசமுடி கிடந்தது. பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய மினுக்கத்தூள். சுடுதண்ணிப் போத்தலின் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுக் கண்ணாடி குண்டுச் சத்தத்தில் நொறுங்கிப்போக, அத்தான் அதைச் சாக்கில் சுற்றித் தட்டித் தூளாக்கியிருந்தார். இனி அந்தத் தூளை மட்டையில் ஒட்டவைக்க வேண்டும்.

அத்தான் என் அக்காவின் கணவர். குருநகரில் கடற்றொழில் செய்தவர். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் வள்ளம் திரும்பும் என்று சொல்லத்தக்க குரல் அவருக்கு. அந்தக் குரலுக்காகத்தான் எங்கள் கோவில் திருநாள் கூத்தில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவருக்கு ராசா வேடம் கொடுத்தார். ஆனால் முதல் வருடமே அவமானமாகிவிட்டது. ஆசாரியார் அப்போதே போய்விட்டிருந்ததால் அத்தான் தானே முடி செய்து, மினுக்கத்தை வேப்பம்பிசினால் ஒட்டியிருந்தார். பிசின் காய்ந்தால் இறுகும்; ஈரம் பட்டால் கரையும். ராசா சபைக்கு வரும் கொலுவரவுப் பாட்டின் நடுவில் வியர்வையோடு கண்ணாடித்தூள் கண்ணுக்குள் இறங்க, ராசா பாட்டை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். பிறகு பல நாளாகச் சந்தியில் பெடியங்கள் அவரைக் கண்டதும் கண்ணைக் கசக்கிக் காட்டினார்கள். அண்ணாவியார் ஒரேயொரு வார்த்தைதான் சொன்னார்: “இன்னொருக்கா மினுக்கம் கொட்டினா ராசா வேற ஆள்.”

ஆகவே அந்த முறை பசையைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வீட்டின் பெரிய காரியமாகிவிட்டது. கோதுமை மாவைக் காய்ச்சலாம் என்றார் அத்தான். அக்கா மா இருந்த தகரப்பேணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இஞ்சருங்கோ, பிள்ளையளுக்கு ரொட்டி சுட மா இல்லை. ராசாவின்ரை தலைக்குப் பூசப் போறியளோ?” எப்படியோ ஒரு கரண்டி மா கிடைத்தது. கடற்காற்றில் அது பூஞ்சணம் பிடித்தது. மிச்சத்தைக் கரப்பான் தின்றது. சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசன் நன்றாகப் பிடித்தது, ஆனால் தூளைத் தூவ முன்னரே காய்ந்துவிட்டது. கடதாசிக்குச் சரிவருகிற பசை கண்ணாடித்தூளின் பாரத்தைத் தாங்காது, பாரத்தைத் தாங்குகிற பசை தூவும்வரை ஈரமாக நிற்காது என்பதை அந்த முற்றத்தில்தான் கண்டுகொண்டேன். இன்று நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள கடையில் பசை வகை வகையாகக் குழாயில் தொங்குகிறது. பிள்ளைகள் வாழ்த்து மட்டைக்கு எது வாங்குவது என்று கேட்டால், முதலில் எதை ஒட்டப்போகிறாய் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவன் நான் ஒருவன்தான். இரசாயனம் படித்த எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. பெரிய மீன்களின் வயிற்றிலிருக்கும் காற்றுப்பையைக் காயவைத்துக் கொழும்பு வியாபாரிக்கு விற்பது வழக்கம். பாதை பூட்டியதால் அவை கூரையில் வீணே தொங்கின. அதைக் காய்ச்சினால் வச்சிரப்பசை வரும். படிகாரம் சேர்த்தால் ஈரத்துக்கு இளகாது. அத்தான் சிகையலங்காரக் கடையில் படிகாரம் வாங்கி வந்தார். மெல்லிய நெருப்பில் காய்ச்சி, மட்டையில் பூசி, சூடு ஆறமுன் தூளைத் தூவினோம். காய்ந்த பிறகு அத்தான் முடியைத் தொடையில் அடித்தார், தண்ணீர் தெளித்தார், தலையில் வைத்துக்கொண்டு முற்றம் முழுக்க ஆடினார். ஒரு துகள் உதிரவில்லை. “தம்பி, உன்ரை படிப்பு இண்டைக்குத்தான்ரா வீட்டுக்குள்ளை வந்திருக்கு” என்று சிரித்தார்.

மண்ணெண்ணெய் இல்லாததால் கூத்தைப் பின்னேர வெயிலில் வைத்தார்கள். ராசா கொலுவுக்கு வந்தார். முடி சூரியனைப் போல மினுங்கியது. பிறகு ஈக்கள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு ஒரு கூட்டம். வெயிலில் சூடேறிய பசையிலிருந்து மீன் வெடுக்கு எழும்பியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க அந்த மணத்துக்குள்ளேயே வாழ்ந்த எங்கள் மூன்று பேரின் மூக்கும் அதை ஒரு மணமாகவே எடுக்கவில்லை. ராசாத்தி வேடம் போட்டவர் பட்டணத்துத் தையல்காரர். அவர் ராசாவைப் பார்த்துப் பாடவேண்டிய காதல் பாட்டை முழுவதும் வேலிப்பக்கம் பார்த்துப் பாடினார். “ராசா, சூடையோ நெத்தலியோ? கிலோ என்ன விலை?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தான் வாளால் ஈயை விரட்டிக்கொண்டே, ஒரு அடியும் விடாமல் பாட்டை முடித்தார்.

கூத்து முடிந்ததும் அண்ணாவியார் வந்து உள்ளங்கையால் முடியை அழுத்தித் தடவினார். கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொட்டேல்லை. அடுத்தமுறையும் நீதான் ராசா.”

“அப்பிடியெண்டா ராசாத்திக்கு வேற ஆளைப் பாருங்கோ, அண்ணாவியார்,” என்றார் தையல்காரர், சேலையை மூக்கில் பிடித்தபடி. “நான் மூக்கோடை பிறந்தவன்.”

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாவியார் சிரிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பாடுகிற வேறு ராசாத்தி அவருக்கு இல்லை. ராசாவை மாற்றுவது அதைவிடச் சுலபம். அத்தானுக்கும் அது விளங்கியது.

“நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ அண்ணை,” என்று தையல்காரரைக் கேட்டார்.

“இந்த உடுப்பைத் தோய்க்க ஒரு சவர்க்காரம் தா. பனம்பழம் போட்டுத் தோய்ச்சாப் போகாது உது. மற்றது, அடுத்தமுறை வேற பசை.”

சவர்க்காரக் கட்டி கிடையாமல் சனம் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை. அக்கா வீட்டுக்குப் போய் வந்தாள். கூறைச்சேலை மடிப்புக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த வாசச் சவர்க்காரம் அவள் கையில் இருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை.

“பாதி வெட்டித் தரட்டோ?” என்று கேட்டாள்.

“ராசாத்திக்குப் பாதியோ, பிள்ளை?” என்றார் தையல்காரர்.

அந்த முடிக்கு எங்களுக்கு ஆன செலவு ஒரு முழுச் சவர்க்காரம்.