ரைவல் என்ற சொல்லும் எங்கள் பீலியும்

மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்தவர்கள் சிலரே. அவர்களில் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பரிசளிப்பு விழாவில் ஆங்கிலத்தில் பேச ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காக 'ரைவல்' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொன்னார் வாத்தியார். அந்த மேடையில் அம்மா என்னைப் பார்க்க வேண்டும். வேறு நினைப்பே இல்லை எனக்கு.

லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவன் ரிவாலிஸ். அவன்தான் ஆங்கிலத்தில் போட்டிக்காரனான ரைவல். ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துவிடுவதுதான், ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைச் சொல்லும் டெரைவ். இவ்வளவும் சரியாக எழுதிவிட்டு, ஆற்றைக் குறிக்கும் ரிவரையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவன் சேர்க்கவில்லை. ஜவுளிக்கடை முதலாளி மகன். வீட்டிலேயே லத்தீன் அகராதி வைத்திருந்தான்.

"ரிவர் அதுல சேராது மச்சான். அது ரீபா, கரை. கரைக்கு வந்து சேர்றது அரைவ். அதுதான் ரிவருக்குத் தம்பி."

கேலி இல்லாமல் சொன்னான். கேலி செய்திருந்தால் தேவலை. அவன்தான் பேசப்போகிறான் என்று வாத்தியார் சொன்ன பிறகு, பஸ் நிலையம் வரை கூடவே வந்தான்.

"ஒரு உதாரணம் வேணும்டா. ஒரே தண்ணிக்கு எப்படிச் சண்டை வரும்? எங்க வீட்ல குழாய்தானே."

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கர்வத்தில் கொட்டிவிட்டேன். மலை ஓடையிலிருந்து மூங்கில் தூம்பு வழியே வரும் எங்கள் பீலித் தண்ணீர் வெயில் காலத்தில் நூலாக விழும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. யாராவது நகர்த்திவிட்டால் ஏழு தலைமுறையும் சந்திக்கு வரும். மறுநாள் நகர்த்தியவளுக்கே காய்ச்சல் என்றால், திட்டியவள்தான் அவள் குடத்தையும் நிரப்பிக் கொண்டுபோய் வைப்பாள்.

விழாவில் அதை அப்படியே சொன்னான். அதற்குத்தான் பெரிய கைதட்டல். என் உள்ளங்கை இரண்டும் மடியிலேயே கிடந்தன. ஆங்கிலம் தெரியாத அம்மா, பக்கத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தம்பி பீலின்னுச்சே, நம்ம பீலியவா?"

"ஆமா."

"டவுன்காரப் புள்ளைக்கு எப்புடிடா தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

அம்மா தட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப நீ ஏன்டா கீழ உக்காந்திருக்க?"