வெள்ளிக்கிழமை எதிர்க்கட்சி

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தகத்தைப் படிக்காமல் வந்து பேசுவது ஆபத்தான காரியம். மைமூனக்கா பிடித்துவிடுவாள். ஒருமுறை வட்டத்தின் தலைவர் அம்பலவாணன் அண்ணாச்சியே மாட்டிக்கொண்டார். கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார். ஒரு நாவலைப் பற்றி நீளமாக முழங்கிவிட்டு, கடைசியில் கதாநாயகி ரயிலேறிப் போகிற காட்சியில் தன் கண் கலங்கிவிட்டது என்றார். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அண்ணாச்சி, அவ பஸ்லல்லா போறா. ரயிலு அட்டைப் படத்துல மட்டுந்தான் இருக்கு" என்றாள். அன்று அண்ணாச்சி வடையைத் தொடவே இல்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம், திருநெல்வேலி சாலையில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில் கூடுவோம். பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மனுக்களைப் படித்துப் படித்து, எழுத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற நிலையில் இருந்தவளை அங்கே இழுத்துக்கொண்டு போனது பக்கத்து வீட்டு மைமூனக்காதான். மைமூனம்மாள் என்பது முழுப் பெயர். கடையநல்லூரில் பிறந்து சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வீட்டு முன்னறையில் நைட்டியும் உள்பாவாடையும் விற்கிறாள். வாங்க வந்தவர்கள் துணியைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் அபிப்பிராயம் சொல்லிக் கேட்க வேண்டும். கரிசல்காட்டுக் குடும்பம் ஒன்றைப் பற்றிய தடித்த நாவலை நாங்கள் எல்லாரும் ஒருவர் விடாமல் புகழ்ந்து முடித்தோம். அக்கா எழுந்தாள். "நல்லாத்தான் எழுதிருக்காரு. ஆனா கதை நகரலன்னா ஒரு பொம்பளையப் புடிச்சுக் கிணத்துல தள்ளிருதாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, மூணு பேரு. மழையே பெய்யாத ஊருன்னு முத பக்கத்துல சொல்லிட்டு, கிணத்துல மட்டும் இம்புட்டுத் தண்ணி எங்கன இருந்து வந்துச்சு?" அதற்குப் பிறகு அந்த நாவலைப் பற்றி யாராலும் நேராக முகத்தை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை.

வாழ்க்கையில் வெற்றி பெற விடியுமுன் எழுந்திருக்கச் சொன்ன ஒரு புத்தகத்தை, சுபுஹுத் தொழுகைக்கு எழுந்திருக்கிற தன் தெருவில் இதுவரை ஒரு கோடீஸ்வரரைக்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லி மூடிவைத்தாள். சோற்றின் வரலாறு பற்றிய ஆராய்ச்சி நூல் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் எழுதியவர் ஒரு நாளாவது உலை வைத்திருப்பாரா என்று சந்தேகப்பட்டாள். எறும்புகளைப் பற்றிய அறிவியல் புத்தகத்தைப் படித்துவிட்டு வீட்டில் எறும்புப் பொடி போடுவதையே நிறுத்தினாள். அவை சீனி டப்பாவுக்குள் குடியேறிய பிறகுதான் அறிவியல் வேறு, அடுப்படி வேறு என்று ஒப்புக்கொண்டாள். மலைக் கிராமங்களில் வேலை பார்த்த டாக்டர் ஒருவரின் அனுபவ நூலை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினாள். தான் செய்த தப்பை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், இவரிடம் நம்பி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றாள். ஒரு புத்தகத்துக்கு அவள் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

இத்தனை அபிப்பிராயங்களுக்கும் கடைசியில் ஒரு வால் உண்டு. "ஆனா எங்க வீட்டு ஆளுக்கு இது புடிக்கல." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். விருது வாங்கிய புருஷனைப் பற்றிக்கூட யாரும் அப்படிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டு ஆள் சேக் மைதீன் அண்ணன். சவுதியில் ஒரு குடும்பத்துக்கு டிரைவர். கல்யாணமாகிச் சில மாதத்திலேயே போனவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாத லீவில் வருவார். அந்த ரெண்டு மாதமும் சொந்தக்காரர்கள் வந்து போவதிலும் விருந்திலுமே கரைந்துவிடும். பிள்ளைகள் ஷாஜித்தும் நூருல் ஹுதாவும் வாப்பாவை ஒட்டிக்கொண்டு பழகுவதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். மற்றபடி வாழ்க்கை முழுக்க வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வருகிற போன்தான். ஆரம்பத்தில் போனிலும் பேசுவதற்கு ஒன்றுமில்லை. சாப்பிட்டியா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் தீர்ந்துபோய் ரெண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டபோது, அக்கா அந்த வாரம் நூலகத்தில் எடுத்துப் படித்த கதை ஒன்றைச் சொன்னாளாம். கேட்டு முடித்துவிட்டு அண்ணன், "கதை சரியில்லையே" என்றாராம். அக்காவுக்குக் கோபம் வந்தது. போன் கார்டில் காசு தீரும்வரை சண்டை போட்டார்கள்.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. திருநெல்வேலி புத்தகத் திருவிழாவில் வாங்குவதைத் தான் படித்துவிட்டு, லீவு முடிந்து சவுதிக்குத் திரும்புகிற யார் பெட்டியிலாவது திணித்து அனுப்புவாள். இந்த எடைக்கு ரெண்டு கிலோ மிக்சர் கொண்டுபோகலாமே என்று அவர்கள் முனகுவார்கள். அண்ணன் பள்ளிக்கூட வாசலிலும் கடை வாசலிலும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் படிப்பார். பிறகு வெள்ளிக்கிழமை வரும். அக்கா நன்றாக இருக்கிறது என்றால் அவர் குப்பை என்பார். அக்கா கண்ணீர் விட்ட இடத்தில் அவருக்குக் கொட்டாவி வந்திருக்கும். நான்தான் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தேன். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்து, அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட அந்த வருஷங்களிலும் எதிர்க்கட்சி ஓயவில்லை. ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தோடும் ஒரு தோளில் இடுக்கிய போனோடும் அவள் வாதாடிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்குள் நடந்த பெரிய சண்டை ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. நடுக்கடலில் ஒரு தீவு. அதில் விளக்கு ஏற்றுகிற வேலைக்காரன் ஒருவன். கரையில் தன்னந்தனியாக அவன் மனைவி. வருஷத்துக்கு ஒருமுறை படகில் வந்து போவான். அவ்வளவுதான் நாவல். அக்கா அதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் கொடுத்தாள், நானும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் மட்டும், "இதெல்லாம் ஒரு கதையா, குப்பை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மற்ற புத்தகங்களுக்காவது காரணம் சொல்லுவார். இதற்கு அதுவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா போனை எடுக்கவில்லை.

போன வருஷம் அண்ணன் அங்கே வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துசேர்ந்தார். மகள் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், மகன் கோயம்புத்தூரில். வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான். அக்கா மொட்டைமாடியில் ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள். போனில் இத்தனை காலம் துண்டு துண்டாகப் போட்ட சண்டையை இனி நிதானமாக உட்கார்ந்து போடலாம் என்று ஒரு நினைப்பு. முதல் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, படித்து முடிக்கிறவரை கால்மாட்டில் காத்திருக்காத குறை. அவர் மூடிவைத்தார். "நல்லாருக்கு" என்றார்.

அடுத்த புத்தகமும் நல்லாருக்கு. அதற்கடுத்ததும் நல்லாருக்கு. அக்கா வேண்டுமென்றே சுமாரான ஒரு துப்பறியும் கதையைக் கொடுத்துப் பார்த்தாள். கொலைகாரன் யாரென்று எட்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிற புத்தகம் அது. அதுவும் நல்லாருக்கு. சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா மெலிந்துபோனாள். வட்டத்துக்கு வந்தாலும் வாய் திறப்பதில்லை. அம்பலவாணன் அண்ணாச்சி ஒரு கதையில் மகனைத் தம்பி என்று மாற்றிச் சொன்னபோதுகூட அவள் திருத்தவில்லை. அன்று திரும்பி வரும்போது என்ன ஏது என்று கேட்டேன். நடையை நிறுத்தாமல் சொன்னாள். "போன்ல இருந்த ஆளு வரல, சுபா. வேற யாரோ வந்து இறங்கிருக்காரு. நல்ல மனுசந்தான். ஆனா இவருகூட நான் என்ன பேச?" ஊரே புருஷன் சம்பாதித்து வந்துவிட்டார் என்று அவளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பேச்சையே குடும்பமாக நடத்தியவளுக்குப் பேச்சு நின்றுபோனால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அண்ணன்மேல் கோபமும் வந்தது.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அண்ணனையும் வரச்சொல்லி, குளங்களைப் பற்றிய ஒரு கட்டுரை நூலைக் கொடுத்தேன். நாலு பேர் நடுவில் நிறுத்தினால் பழைய எதிர்க்கட்சி வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் முறை வந்தது. எழுந்தார். "நல்லாருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இதுதான் சுருக்கமான விமர்சனம், மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் அம்பலவாணன் அண்ணாச்சி. அதைச் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

மூவரும் நடந்தே திரும்பினோம். என்னவோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டதால், போனைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் முன்னால் போனேன். கால்தான் முன்னால் போனது, காது பின்னாலேயே நின்றது.

"மச்சான், ஒண்ணு கேக்கேன். அங்கன இருந்தவரைக்கும் நான் எதச் சொன்னாலும் எதுத்துப் பேசுவீக. இங்கன வந்து எல்லாத்துக்கும் நல்லாருக்குங்கீக. எங்கூடப் பேச ஒண்ணுமில்லாமப் போச்சா?"

ஒரு டவுன் பஸ் எங்களைக் கடந்து போனது.

"நல்லாருக்குன்னு சொன்னா நீ போன வச்சிருவ, மைமூனு" என்றார். "மொத தடவையே எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. நல்லால்லன்னு சொன்னாத்தான் நீ கோவத்துல பேசிக்கிட்டே இருப்ப. அந்தக் கொரலு எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும். இங்கன எதுக்குச் சண்ட போட? நீதான் பக்கத்துலயே இருக்கியே."

அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் விடுகிறவளா.

"அப்ப அந்த லைட்ஹவுஸ் கதை? அதுக்குக் காரணங்கூடச் சொல்லலையே."

"அத ஸ்கூல் வாசல்ல வச்சுப் படிச்சு முடிச்சேன். மொதலாளி பிள்ளைக வந்து ஏறி உக்காந்துட்டாக. எனக்கு வண்டிய எடுக்க முடியல. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு அப்படியே இருக்கேன். போன்ல ஒரு வார்த்தை கூடப் பேசிருந்தா அழுதுருப்பேன். நீயும் அழுவ. அதான் குப்பைன்னுட்டேன்."

எங்கள் தெரு முனைக்கு வந்தபோது அக்கா குரலைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தாள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிற அதே குரல். அதைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று.

"இருந்தாலும் மச்சான், இப்ப யோசிச்சுப் பாத்தா நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் கதை சுமார்தான். அந்தப் பொம்பள அத்தன வருசமும் கரையில சும்மா உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருந்தா. வேற என்ன செஞ்சா? அவளுக்குப் போயி இம்புட்டு எழுதணுமா?"

அண்ணன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான்.

"நீ என்ன கதை படிச்ச? சும்மாவா இருந்தா அவ?" என்றார். குரல் ஏறிவிட்டது. அந்தக் குரலை நான் நேரில் கேட்டதே இல்லை. போனுக்குள்ளிருந்து கசியக் கேட்டதுதான். "பிள்ளைகள ஒத்தையில வளத்து ஆளாக்குனது யாரு? ஒழுகுன ஓட்டு வீட்ட மாடி வீடாக்குனது யாரு? மாமியா படுக்கையில கெடந்தப்ப நாலு வருசம் பீ மூத்திரம் அள்ளி, வாயில கஞ்சி ஊத்தி, மௌத்தாகுத வரைக்கும் மடியில வச்சுப் பாத்தவ அவ. அவன் அங்கன வெளக்கு ஏத்துனது ஒரு வேலையா? இவ செஞ்சதுதான் வேலை. அதப் போயி சும்மா இருந்தான்னு சொல்லுத?"

நானும் அந்த நாவலைப் படித்தவள்தான். அதில் பிள்ளைகள் கிடையாது. மாமியாரும் கிடையாது.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அம்பலவாணன் அண்ணாச்சியையே விடாத மைமூனக்கா, அன்று அவரைத் திருத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மேல சொல்லுங்க" என்றாள்.