காத்தமுத்துவுக்குப் பூட்டிய மூக்கணாங்கயிறு

கருக்களாச்சேரியில் காத்தமுத்துவின் குறட்டையைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது. மூன்றாவது வீட்டு நாய் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போய், இடி இடித்தால்கூடத் தலை தூக்குவதில்லையாம். காத்தமுத்து எதற்கும் அசரமாட்டார். "உழைக்கிற உடம்புய்யா, தூங்குனா சத்தம் வரத்தான் செய்யும்" என்பார். இருபத்தாறு வருஷமாக விசைப்படகு ஓட்டுகிற மனிதருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் மனைவி செல்லத்துக்குச் சத்தத்தைப் பற்றிப் பயமில்லை. சத்தம் நிற்பதுதான் பயம். குறட்டை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். மூச்சும் கூடவே நிற்கும். அவள் எழுந்து உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவாள். பத்து, பதினைந்து, இருபது. அதற்குமேல் பொறுக்காமல் விலாவில் ஒரு குத்து விடுவாள். மனுஷன் திணறிக்கொண்டு மூச்சை இழுத்து, மறுபடி ஆரம்பிப்பார். பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் ராத்திரி வேலை. பகலில் காரைக்கால் மார்க்கெட்டில் மீனுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். "மீன வெட்டிக் குடுத்துட்டுத் தூங்கும்மா" என்று வாங்க வந்தவர்கள் எழுப்புவார்கள்.

2007 பங்குனியில் வந்தது வினை. பட்டப்பகலில், திருமலைராயன்பட்டினத்துக்கு நேரே, சக்கரத்தைப் பிடித்தபடியே காத்தமுத்து தூங்கிப்போனார். படகு நேராகப் போய் வேறு ஊர்க்காரர்கள் விரித்திருந்த வலைமேல் ஏறி, வலைக்கயிறு படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடிப் பேசி ஒருவழியாகத் தீர்த்துவைத்தன.

படகுக்குச் சொந்தக்காரன் மணிவேல், செல்லத்தின் கூடப்பிறந்த தம்பி. தொழிலைக் கற்றுக்கொண்டதே காத்தமுத்துவிடம்தான். அவன் சத்தம் போடவில்லை. சக்கரம் இருக்கிற வீல்ரூமின் பூட்டுச் சாவியை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"மாமா, படகுல ஆறு பேரு இருக்கோம். தடைக்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரி பண்ணிக்கிங்க. திரும்பத் தொழிலுக்குப் போற அன்னிக்கு அக்கா வந்து சொல்லட்டும், நீங்க நல்லாத் தூங்குறீங்கன்னு. அது சொன்னா சாவி உங்களுக்கு. இல்லன்னா வேற டிரைவரப் போட்டுக்கிறேன்."

காத்தமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சக்கரத்தை விட்டு இறங்கி வலை இழுக்கிற வயதா அவருக்கு? மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சித்திரையில் படகுகளைக் கரையில் நிறுத்தினால் நாற்பத்தைந்து நாள் தடை. அதற்குள் தூங்கப் பழகியாக வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் தூங்கப் பழகுகிற கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது!

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள். மூச்சு மணிக்கு அறுபத்திரண்டு தடவை தடைபடுகிறது என்றார் டாக்டர். "அறுபத்திரண்டா? நான் பாதியக்கூட எண்ணல போலிருக்கே" என்றாள் செல்லம். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, காற்றை உள்ளே தள்ளித் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு மிஷினை எழுதிக் கொடுத்தார். அழுத்தம் பன்னிரண்டு என்று அதில் வைத்துத் தந்தார்கள்.

மிஷின் வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாய் முனையில் மூக்குக்கு ஒரு மாஸ்க், அதைத் தலையோடு மாட்ட நாலு பட்டை. "கல்யாணம் பண்ணி நான் போட முடியாத மூக்கணாங்கயித்த ஆஸ்பத்திரிக்காரங்க போட்டுட்டாங்க பாரு" என்று செல்லம் சிரித்தாள்.

தகராறு அந்தப் பட்டையில்தான் தொடங்கியது. கட்டு என்றால் காத்தமுத்துவுக்கு இறுக்கம்தான் கட்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு பட்டையையும் கன்னம் பிதுங்க இழுத்து மாட்டுவார். படுத்ததும் மூக்கோரத்தில் புஸ்ஸென்று காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். எழுந்து இன்னும் இழுப்பார். இன்னும் கசியும். ஐந்தாம் நாள் வலை பின்னுகிற நைலான் நூலை எடுத்துப் பட்டைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டார்.

அப்படியும் கசியவே, இழுக்காத எஞ்சினை என்ன செய்வாரோ அதையே செய்தார்; வேகத்தைக் கூட்டினார். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் திறந்துகொள்வதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு பதினான்காகி, பதினாறாகி, பதினெட்டில் போய் நின்றது. காற்று வயிற்றுக்குள் புகுந்து விடிய விடிய ஏப்பம். மூக்குத்தண்டில் புண். அரை மணி நேரத்தில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குறட்டைக்குத் திரும்புவார். செல்லமும் தன் விரல்களுக்குத் திரும்புவாள்.

தடைக்காலத்தில் பாதி கழிந்ததும் அவரைப் பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்கு இழுத்துப்போனாள். அங்கே மிஷின் பார்க்கிற சோமசேகரன் அதில் கணக்குப் பதிவாகிற சின்ன அட்டையை உருவிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட மாட்டலியே ஐயா. இதுல கைவச்சது யாரு?"

"நான்தான் தம்பி. காத்து பத்தல."

"காத்து பத்தாம இல்ல, இறுக்கம் ஜாஸ்தி. இழுத்துக் கட்டுனா ரப்பர் நசுங்கிக் கோணிக்கும், ஓரமா வழி விட்டுடும். லூசா மாட்டிப் படுங்க, மிஷினப் போடுங்க, காத்துல ரப்பர் உப்பட்டும். அப்புறம் படுத்தபடியே கசியாத அளவுக்கு மட்டும் லேசா இழுங்க."

பன்னிரண்டுக்கே திருப்பிவைத்து, இனிமேல் பொத்தானைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். காத்தமுத்து தலையை ஆட்டிவிட்டு வந்தார். லூசாகக் கட்டச் சொல்கிறவன் கடலுக்குப் போயிருப்பானா என்று பஸ்ஸில் செல்லத்திடம் கேட்டார். வீட்டுக்கு வந்து பழையபடியே இறுக்கினார்.

நாலு நாள் கழித்து அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரே கூச்சல். படகில் வேலை பார்க்கிற ஐயனார், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் படகை முளையோடு விறைப்பாகக் கட்டிவிட்டுப் போயிருந்தான். நீர் ஏறியதும் படகு மேலே எழும்ப வழியில்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. காத்தமுத்து ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவனைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"அறிவு கெட்டவனே, கயித்த விட்டுக் கட்டணும்னு எத்தன தடவ சொல்றது? தண்ணி ஏறுனா படகு எங்கடா போவும்? இழுத்துக் கட்டுனா நிக்குமாடா? விட்டுக் கட்டுனாத்தான்டா..."

வாக்கியம் அங்கேயே நின்றது. கை தானாக மூக்குத்தண்டுப் புண்ணைத் தடவியது. ஐயனார் மீதி வசவுக்காகக் காத்து நின்றான். காத்தமுத்து விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார்.

மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்த செல்லம் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீடு நிசப்தமாக இருந்தது. உள்ளே காத்தமுத்து பட்டையை லூசாக விட்டு மாஸ்க் மாட்டியபடி மல்லாந்து கிடந்தார். கூடையைப் போட்டுவிட்டு "ஏங்க!" என்று பாய்ந்தவள், அவர் வயிறு நிதானமாக ஏறி இறங்குவதைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து காத்தமுத்து தினமும் ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் தூங்கினார். பகலில் கண் சொக்குவது அடியோடு நின்றது. செல்லத்துக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சத்தமில்லாத மனுஷனுக்குப் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, விரலை மடக்கிக்கொண்டு, நிற்காத மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தடை முடிந்து முதல் நாள். விடிந்ததுமே படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்தைத் தாண்டின. மணிவேலின் படகில் ஐஸ் ஏறியாயிற்று, வலை ஏறியாயிற்று. சொல்ல வேண்டிய அக்காளை மட்டும் காணோம். கரையில் சாவியில்லாமல் நின்ற காத்தமுத்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது மாஸ்க்கைக் கழற்றும் அவசரத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. சொல்ல மனசில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாளோ? இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாளோ?

வெயில் ஏறிய பிறகு செல்லம் ஓடிவந்தாள். தலை வாரவில்லை. கன்னத்தில் பாய்க்கோரையின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"சொல்லுக்கா," என்றான் மணிவேல். "ராத்திரி மாமா எப்படித் தூங்குனாரு?"

அவள் மூச்சு வாங்க நின்று தம்பியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கென்னடா தெரியும்? நானே இப்பத்தான் எழுந்திரிச்சேன்."

மணிவேல் வேறொன்றும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காத்தமுத்துவின் கையில் வைத்தான்.