கடல் தாழ்ந்த பென்னி

துறைமுக வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்தவனுக்கு நம் காசும் வரும், கப்பல்காரன் காசும் வரும். ராயபுரத்தில் நான் கடை போட்டிருந்தபோது சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கப்பலாட்கள் சோடாவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, பையில் கிடக்கும் சீமைப் பென்னிகளை அள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். நம் காலணாவைவிடப் பெரிய செப்புக்காசு. வேறு எந்தக் கடையிலும் செல்லாது. கொஞ்சம் சேர்ந்ததும் யானைக்கவுனி பழைய உலோகக் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிடுவேன்.

எங்கள் குப்பத்தில் அந்தக் காசுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. யாராவது இறந்துபோனால் நெற்றிக்காசுக்கு என்னிடம்தான் வருவார்கள். பெரிய காசு, நெற்றியில் நன்றாக உட்காரும். கடைத்தெருவில் செல்லாததை அந்த ஊருக்குப் போகிறவருக்கு வைத்தால் நஷ்டமில்லை என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். நானும் அதற்கு விலை கேட்டதில்லை.

ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற சட்டைக்காரர் ஒருவர், ஆங்கிலோ இந்தியர், சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். தொரை என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் பேச்செல்லாம் எங்கள் பேச்சுதான். பென்னிகளைப் பலகைமேல் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வருஷம் ஒன்றாக இருந்தாலும் காசு ஒன்றாக இருக்காது என்பார். ஒரு முறை ஒரு காசில் ராஜாவின் தலை ஒரு பக்கம் எழும்பியும், மறுபக்கம் அதே தலை குழிந்து திரும்பியும் இருந்தது. கள்ளக்காசு என்று தள்ளிவைத்தேன். அவர் பதறி எடுத்துக்கொண்டார். அச்சுவெல்லம் ஊற்றும்போது முந்தின வெல்லம் அச்சிலேயே ஒட்டியிருந்தால் அடுத்தது எப்படி விழும், அப்படித்தான் இதுவும் என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.

அவரே பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை; கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவன் கண் முதலில் தண்ணீரைத்தான் பார்க்கும். அந்தக் காசின் பின்பக்கம் ஒரு பெண் சூலம் பிடித்துக் கடலோரம் உட்கார்ந்திருப்பாள். அவர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய ஒரு காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொரை, இதுல கடல் வத்திக் கீது" என்றேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால கள்ளு போட்டியா? காசுல எப்டி கடல் வத்தும்?"

"மத்ததுல அந்த அம்மா கால் மேல கால் போட்டுக் கீற எடத்துக்கு சரியா கடல் கோடு வருது. இதுல அதுக்குக் கீழ நிக்குது. பாரு."

கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இன்னொரு காசை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகுதான் சொன்னார். ராணி இறந்து, வழுக்கையும் தாடியுமாக அவள் மகன் ராஜாவானபின் அவன் தலை போட்டு முதல் வருஷம் அடித்த காசு அது. அந்த வருஷம் புது அச்சோடு பழைய அச்சும் கொஞ்சம் ஓடியிருக்கிறது. அதனால் முன்னால் ராஜா தலை. பின்னால் ராணி காலத்துக் கடல். பல வருஷமாக அதைத் தேடிக்கொண்டு, தன் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். அன்று என்னைக் கட்டிப்பிடித்து, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பிறகு குடும்பத்தோடு சீமைக்குப் போவதென்று முடிவு செய்தார். போகுமுன் இன்னும் ஒன்று கிடைக்குமா என்ற ஆசை. தன் காசையே மாதிரிக்கு என்னிடம் கொடுத்து, "இத்த வெச்சி பாத்துகினே இரு மாமு. ஞாயித்துக்கெயம கப்பலு. சனிக்கெயம சாயங்காலம் வூட்டாண்ட வந்து குடுத்துடு" என்றார். வேறு யாரிடமும் அதைக் கொடுத்திருக்க மாட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருவொற்றியூர் அம்மனைச் சேவிக்கப் போய்விட்டு, பகலுக்குமேல் வீடு திரும்பினேன். தட்டில் விபூதி மட்டும் இருந்தது.

"இங்க கீந்த காசு எங்க?"

என் மனைவி அழுது ஓய்ந்த முகத்தோடு வந்தாள். பக்கத்து வீட்டில் வலை பின்னும் பெரியவர் காலையில் தவறிப்போயிருக்கிறார். நெற்றிக்காசு கேட்டு வந்திருக்கிறார்கள். கடை பூட்டியிருந்தது.

"சாமி தட்டுல கீதே, இதவிட சுத்தமான காசு எங்க கெடைக்கும்னு எட்த்து குட்த்தேன். அம்மன் சூலம் வெச்சிகினு கடலப் பாத்துகினு குந்திகினு கீறா. மனுசன் காலம்பூரா கடல்ல கெடந்தவரு. தொணையா போவட்டும்னு குட்த்தேன்யா. தப்பா?"

அவளை என்ன சொல்வது? எனக்கே அந்தப் பெண்ணைப் பார்த்தால் அம்மன் ஞாபகம்தான் வரும். தப்பில்லை என்றேன். ஆனால் உடனே வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பெரியவரை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் திரும்பியிருந்தார்கள். நெற்றிக்காசு மயானம் காக்கிறவருக்குச் சேர வேண்டியது. மண் தள்ளுமுன் அவர் எடுத்துக்கொள்வார். எடுத்ததை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போய்வந்த கையோடு அன்றே மயானத்தை மிதிக்கவும் மனம் வரவில்லை.

ஒரு மனுஷன் நம்பிக் கொடுத்த பொருள். அதே காசை அவர் கையில் வைக்காமல் அந்தக் கப்பல் போகக்கூடாது என்று அம்மனை நினைத்துக்கொண்டு படுத்தேன். சனிக்கிழமை பொழுது விடிந்ததும் மயானத்துக்குப் போனேன்.

மயானம் காக்கிறவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா நைனா நீ! குட்த்தவன் எவனும் இதுவரைக்கும் திருப்பிக் கேட்டு வந்ததில்ல. பொணம்கூட கேட்டதில்ல."

"நான் குட்த்தது இல்ல. இன்னொருத்தரு பொருளு. தெரியாம வந்துடுச்சி."

"எது உன்னுதுன்னு எப்டி சொல்லுவ? எல்லாம் உன் கட காசுதான்."

ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கோணியில் கவிழ்த்தார். வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி அமாவாசைக்கு, செம்பு விலைக்குப் போடுவாராம். நல்லவேளை, அமாவாசைக்கு நாள் இருந்தது. நாற்பதுக்குமேல் பென்னிகள். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம், மஞ்சள், கடற்காற்றில் பூத்த பச்சை. இந்தக் குப்பத்தில் அந்த வருஷம் போனவர்கள் எல்லாரும் அந்தக் கோணியில் வரிசையாகக் கிடப்பதுபோல் இருந்தது. கும்பிட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

முதலில் தலையைப் பார்த்துப் பிரித்தேன். ராணியை ஒரு பக்கம், பிந்தின ராஜாக்களை ஒரு பக்கம் தள்ளினேன். தாடிக்கார ராஜா பதினொன்று தேறினார். அவற்றைத் திருப்பி, வருஷம் படிக்க முடிந்தவற்றைப் பார்த்தேன். சரியான வருஷத்தில் மூன்று இருந்தன. மூன்றிலும் கடல் உயரத்தில்தான் நின்றது. ஒன்றில் மட்டும் தாழ்ந்தாற்போல் தெரிந்தது. வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். கோடு தேய்ந்து போயிருந்ததே தவிர, அது நின்ற தடம் கால்கள் சேரும் இடத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. தேய்ந்த கடல் வேறு. வற்றிய கடல் வேறு. அதை வைத்துவிட்டேன்.

"அத எட்த்துகினு போயேன். சட்டைக்காரனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரியுமே."

"சரி சரி, தேடு. உன் கடதான் பூட்டிக் கெடக்குது."

வருஷம் தெரியாதவை நான்கு பாக்கி. அந்தப் பெண்ணின் காலடியில்தான் வருஷம் போட்டிருக்கும். அந்தப் பள்ளத்திலும் கடல் கோட்டின் மேலும் சந்தனம் இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் காசு கீறிக்கொள்ளும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் பழங்காசு செத்துப்போகும் என்று தொரை தலையில் அடித்துக்கொள்வார். தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். மயானம் காக்கிறவரின் மனைவி தலைக்கு வைத்திருந்த கிண்ணத்தைக் கொடுத்தாள். நான்கையும் அதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"பொணத்துக்குத்தான் எண்ணெ வெப்பாங்க. நீ பொணத்துக் காசுக்கு வெக்கிற" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. எழுந்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. முதல் காசைத் துடைத்தேன், கடல் உயரம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வருஷம் இன்னும் தெரியவில்லை, சந்தனம் விடவில்லை. ஆனால் கடல் தெரிந்தது. கால் மடிப்புக்குக் கீழே, நீர் வாங்கிய கடற்கரை மாதிரி. திருப்பினேன். வழுக்கை, தாடி. ராணி காலத்துக் கடலும் ராஜா தலையும் ஒரே காசில் சேர்ந்திருந்தால் வருஷம் படிக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் நான்காவதையும் துடைத்துப் பார்த்தேன், இரண்டு இருந்துவிட்டால் என்ன செய்வதென்று. அதில் கடல் உயரம். மறுபடி மூன்றாவதை எண்ணெயில் போட்டு, துணி முனையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.

"அம்மா தாயே" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"சும்மா எட்த்துகினு போவாத நைனா. அந்தப் பெரியவரு நெத்தி காலியா இருக்கக் கூடாது. பதிலுக்கு ஒண்ணு போடு."

மடியில் ஒரு வெள்ளி அரை ரூபாய் இருந்தது. டின்னில் போட்டேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. இனாமாக எடுத்துப் போகவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியவரைப் புதைத்த இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியிலேயே குளித்தேன். மனைவி காசின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தேய்க்க மட்டும் நான் விடவில்லை.

சாயங்காலம் தொரை வீட்டில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். காசைக் கொடுத்தேன். கண்ணாடியை வைத்துப் பார்த்து, "அதே கடலுதான்" என்று சிரித்தார். நான் அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் எங்கே இருந்து வருகிறதென்று தெரியாமல் ஒரு பொருளை ஒருவர் கடல் தாண்டி எடுத்துப் போவது சரியில்லை என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி கொடுத்தது, கோணி, எண்ணெய், எல்லாம்.

அவர் மனைவி பின்வாங்கினாள். "சாவு காசா? என் பொட்டில அத வெக்காத மேன். நடுக்கடல்ல போற கப்பலு."

நான் தலை குனிந்து நின்றேன். தொரை காசைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பெரியவரு? அந்த வல பின்றவரா?"

"ஆமா தொரை."

"சண்டேல மீனு எட்த்துகினு வருவாரு. ஒரு நாளும் அழுகல் குட்த்ததில்ல." நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "உன் பொட்டில வேணாம்மா. எங்கூட வரட்டும்." கைக்குட்டையில் முடிந்து, சட்டையின் மேல் ஜோபியில் போட்டு, பொத்தானை மாட்டினார்.

பிறகு என் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.