கயிற்றின் கடைசி ஆள்

குருநகர் றஞ்சித் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அவனுடைய படகுக்கு இரண்டு பூட்டு. பூட்டிய பிறகும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். திகதியை வாசிக்காமல் ஒரு விசுக்கோத்தைக்கூட வாயில் வைக்கமாட்டான். இந்தச் சந்தேகப் பிராணி நம்பிய ஒரே ஆள் லெனாட். மனைவி வசந்தினியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே படகில் தொழில்.

இந்த வருட வேதக் கோயில் பெருநாளோடு அந்த நம்பிக்கையும் போனது. அரியாலை அணியோடு கயிறிழுத்தல் இறுதிப் போட்டி. எங்கள் அணிக்குப் பயிற்சியாளன் றஞ்சித். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பவன் லெனாட். இரண்டு சுற்றிலும் முதல் இழுப்பில் அவன் பலம் காட்டினான். பிறகு நிதானமாகப் பிடித்து நிற்க வேண்டிய நேரத்தில் கால்கள் வழுக்கின. தோற்றோம். பத்து நிமிடத்தில் அவன் அரியாலைத் தலைவன் றோயோடு சோடா குடித்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

றஞ்சித்துக்கு அது போதும். உடம்பில் நோவு இல்லை என்று அவனே சொல்கிறான், அப்படியானால் பலம் எங்கே போனது? விற்றுவிட்டான் என்று முடிவு கட்டி, இனிப் படகில் அவனுக்கு இடமில்லை என்றான். வசந்தினி மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான்காம் நாள் இருவரையும் பிசியோதெரபி செய்கிற பிரதீபாவிடம் அனுப்பினாள். பொய்யைக் கையோடு பிடிக்கலாம் என்றுதான் றஞ்சித் போனான்.

பிரதீபா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். தசைக் கலத்துக்குள் கல்சியத்தைச் சேமித்து வைக்கும் பை ஒன்று உண்டு. நரம்பு கட்டளையிட்டால் அது கல்சியத்தை வெளியே விடும், தசை சுருங்கும். திரும்ப உள்ளே எடுக்கும், தசை தளரும். மணிக்கணக்கில் பாரம் இழுத்த தசையில் அந்தப் பை குறைவாகவே விடும். நோவே இல்லாமல் மறுநாளும் அப்படி இருக்கலாம். முழு மூச்சில் இழுத்தால் குறை அவ்வளவு தெரியாது. நிதானமாகப் பிடிக்கும்போதுதான் தெரியும்.

கல்சியம் குளிசை போட்டால் சரியாகுமா என்று றஞ்சித் மடக்கினான். இது இரத்தத்தில் கல்சியம் குறைந்து வருவதில்லை, ஓய்வுதான் மருந்து என்றாள். அவளுக்கு எந்த ஊர் என்று கேட்டான். உரும்பிராய் என்றதும் அரை மனதாக நம்பினான், அரியாலை இல்லைத்தானே.

“போட்டிக்கு முதல்நாள் என்ன வேலை செய்தனீங்கள்?” என்று அவள் லெனாட்டிடம் கேட்டாள்.

“வலை இழுத்தனான். தனிய.”

றஞ்சித்துக்கு முகம் கறுத்தது. பெருநாளுக்கு முதல்நாள் பிடிபடும் மீன் கோயில் சமையலுக்குரியது. எந்தப் படகும் கரையில் நிற்கக்கூடாது. அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டு றஞ்சித் அரியாலைக்குப் போய், மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று எதிரணியின் பயிற்சியை வேவு பார்த்தான். இரண்டு ஆள் இழுக்கிற வலையை லெனாட் ஒருவனே இழுத்திருக்கிறான்.

“வேறை ஆரையும் ஏத்திக்கொண்டு போயிருக்கலாமே?” குரல் இறங்கிப்போய்க் கேட்டான்.

“உங்கடை இடத்திலை வேறை ஆளை ஏத்தினால் நீங்கள் என்ன நினைப்பியள்? காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள், அத்தான். நான் நம்பினன்.”