கழுத்துள்ள பூச்சி

திகன பஸ் ஹோல்ட்டில் கண்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பின்னால் ஒரு பெட்டிக்கடை, அதை ஒட்டி வெண்டிச் செடிகள். கடைக்கார முஸ்லிம் பொம்பளை செடியில் இருக்கிற சிவப்புப் பூச்சிகளைக் கையால் பிடித்து, சவுக்காரத் தண்ணி டின்னில் போடுகிறார். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நானும் போய்ப் பிடிக்கிறேன். அவர் டின்னை எனக்கும் எட்டுகிற மாதிரி நகர்த்தி வைக்கிறார்.

பூவோரம் இருந்த ஒன்றுக்கு விரலை நீட்டுகிறேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார்.

"தொட வாணாம் அம்மா! இவன் குத்தினா உசிர் போற மாதிரி வலிக்கும்."

"இதுவும் செவப்பாத்தானே இருக்கு, மக?"

"கழுத்தப் பாருங்க. மத்ததுகளுக்குக் கழுத்தே இல்ல. இவனுக்கு ஒடுங்கின தல, பின்னுக்குக் கழுத்து. மூக்கு தடிச்சு, அருவா மாதிரி அடியில வளஞ்சிரிக்கி. வயித்து ஓரம் செறகுக்கு வெளிய தெரியிது. இவன் செடியத் தொடமாட்டான், பூச்சியத்தான் குத்திக் குடிப்பான். மருந்தடிச்சா இவனும் செத்துருவான். பொறகு வெண்டியக் காப்பாத்த யாரு இரிக்கிற? இத வித்துத்தான் எங்க வீட்டுச் செலவு."

அதற்குப் பிறகு குனிந்து, கழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கிறேன். ஒரு இலையைத் திருப்பினால் கழுத்துள்ளவன் ஒருத்தன், சிவப்புப் பூச்சியின் முதுகில் மூக்கை இறக்கி அசையாமல் இருக்கிறான்.

"மக, இங்க ஒருத்தரு சாப்புடுறாரு," என்று மெதுவாகச் சொல்கிறேன்.

"சாப்புடட்டும், கலைக்க வாணாம்," என்று சிரிக்கிறார்.

இலையைப் பழையபடி விட்டுவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த செடிக்கு நகர்கிறேன்.