மார்ச் மாதக் காடு

காடு எரிந்துவிட்டது என்று தொலைபேசி வந்தபோது நான் திருமுல்கேரியில் இட்லி மாவு வாங்க நின்றுகொண்டிருந்தேன். பேசியவர் கோதாவரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வனச்சரக அதிகாரி. "உங்க பிளாட்டும் போச்சு சார்" என்றார் தெலுங்கில். "சரி சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டு நடந்தேன். தேங்க்ஸ் எதற்கு என்று அவர் யோசித்திருப்பார். பாதி வழியில் நானும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பிளாட் எரிஞ்சிருச்சாம்" என்றேன்.

"எந்த பிளாட்டு? கொம்பள்ளியில புக் பண்ணுனதா?"

"இல்ல, காட்டுல இருக்கிறது."

"அப்பாடா" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏங்க, வருஷா வருஷம் போய் அளந்துட்டு வருவீங்களே, அந்த மரமெல்லாமா?"

"ம். மாவை ஃப்ரிட்ஜுல வைக்கவா, வெளிய இருக்கட்டுமா?"

அவள் பையை வாங்கிக்கொண்டாள். உள் அறையிலிருந்து மகள், "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஓகே என்றேன். பொய் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டிப் பார்த்தால் இருக்குமே, கொஞ்ச காலமாகவே எனக்கு எல்லா விஷயத்திலும் அப்படித்தான் இருந்தது.

அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில், பருவநிலை மாறும்போது காடுகள் என்ன ஆகின்றன என்று பார்க்கிற குழுவுக்கு நான் தலைவன். எங்கள் குடியிருப்பில் இதை ஒருவரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. லிப்டில் ஏறினால், "சாயங்காலம் மழை வருமா சார், துணி காயப்போடலாமா?" என்பார்கள். ஏப்ரலில் கேள்வி மாறும். "என்ன சார் இந்த வெயிலு. உங்க ஆபீஸ்ல கொஞ்சம் சொல்லக்கூடாதா?" ஃபைல் மேலே போயிருக்கிறது என்று சொல்வேன். சிரித்துக்கொண்டே மூன்றாவது மாடியில் இறங்கிக்கொள்வார்கள்.

பிளாட் என்றால் காட்டுக்குள் கயிறு பிடித்துக் குறித்த ஒரு ஹெக்டேர் சதுரம். அதிலுள்ள ஒவ்வொரு மரத்திலும் ஓர் ஆணியும் எண் போட்ட அலுமினியத் தகடும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை போய், மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றி மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று அளப்போம். எவ்வளவு பருத்ததோ அந்த அளவுக்குக் காற்றிலிருந்து கார்பனை எடுத்து வைத்துக்கொண்டது என்று கணக்கு. அதே டேப்பை ஒருமுறை என் வயிற்றில் சுற்றிப் பார்த்தேன். மொத்தக் காட்டைவிட நான்தான் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தேன். பருவநிலை மாற்றம் என்னைப் பாதித்ததாகத் தெரியவில்லை.

அளப்பது எப்போதும் மார்ச்சில்தான். அதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. களப்பணிக்கான நிதி ஜனவரி முடியும்போது வந்து சேரும். மார்ச் முடிவதற்குள் செலவாகவில்லை என்றால் திரும்பிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் வண்டி எடுப்போம். அந்தக் காடோ தேக்கும் மருதும் நிற்கிற வறண்ட காடு. பிப்ரவரியிலேயே இலையையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சிகுச்சியாக நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம் என்றால், நாங்கள் பயன்படுத்துகிற வகைப் படங்களில் பச்சை இலை சிவப்பாகத்தான் தெரியும். ஆக, திரையில் சிவப்பாகப் பார்த்திருக்கிறேன், நேரில் பழுப்பாகப் பார்த்திருக்கிறேன். வனங்களை ஆராயும் குழுவின் தலைவன் தன்னுடைய காட்டை ஒருமுறைகூடப் பச்சையாகப் பார்த்ததில்லை. இது ஒரு விசித்திரம் என்று அந்தத் தீ வரும்வரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த பிளாட்டை உண்மையில் பார்த்துக்கொண்டவர் எங்கள் குழுவில் இருந்த ஓர் அம்மா. திருநெல்வேலிக்காரர். ஒப்பந்த விஞ்ஞானி. ராமச்சந்திராபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அலுவலகம் வருவார். மகன் பத்தாம் வகுப்பு. அவருடைய ஒப்பந்தம் இந்த ஒரே ஒரு பிளாட்டின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிளாட்டை மூடினால் செப்டம்பரோடு அவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தீ அணைந்த அடுத்த வாரமே போனோம். அலுவலக ஜீப்பின் டிரைவர் உருது பேசும் பழைய நகரத்துக்காரர். எங்களைப் போன்ற தமிழர்களை ஏற்றி ஏற்றி அரைத்தமிழ் கற்றுக்கொண்டவர். காட்டு ரோட்டின் முனையிலேயே வண்டியை நிறுத்தினார். "நக்கோ சாப், வேண்டாம். தரை இன்னும் சூடு. டயர் போய்டும்." மிச்ச தூரத்தை நடந்தோம்.

தரை முழுக்கக் கறுப்பு. மரங்கள் இடுப்பு உயரம்வரை கறுப்பு, அதற்கு மேல் வழக்கமான பழுப்பு. அந்த அம்மா துப்பட்டா முனையால் தகடுகளைத் துடைத்துத் துடைத்து எண் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு மரத்திலும் கத்தி நுனியால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சையாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

"இது பச்சையா தெரியுதா சார் உங்களுக்கு?"

"பழுப்பு மாதிரி இருக்கும்மா."

"உங்களுக்கு எல்லாமே பழுப்புதான். நல்லாப் பாருங்க."

"பழுப்புல கொஞ்சம் பச்சை மாதிரி."

"எதாவது ஒண்ணு சொல்லுங்க சார். ரேஷன் கடையில அரிசி பாக்க மாதிரி பாக்கீங்க."

நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வருத்தப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. வருத்தம் எங்கே என்று தேடினேன், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல. சாம்பல் வாசனைக்குத் தும்மல்தான் வந்தது.

அந்த மார்ச் கடைசியில் ஆய்வுக் கமிட்டிக் கூட்டம், கணினி வழியாக. தலைவர் டெல்லியில் இருந்தார். நல்ல மனிதர், நேரம்தான் இல்லாதவர். அந்த பிளாட் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். செத்திருந்தால் மூடிவிட்டு வேறு மாநிலத்தில் புதிதாக ஒன்று போடலாம் என்றார். எரிந்த பிறகு எடுத்த படத்தையும் முந்தைய ஆண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டிலும் மரங்கள் ஒரே மாதிரி நின்றன. அடிமரக் கறுப்பை மறைத்துவிட்டால் எது எரிந்தது, எது எரியாதது என்று யாராலும் சொல்ல முடியாது.

"போன வருஷமும் செத்த மாதிரிதானே இருக்கு?" என்றார் ஓர் உறுப்பினர்.

"எல்லா வருஷமும் அப்படித்தான் சார் இருக்கும். இலை ஜூன்லதான் வரும்."

"அப்ப ஜூன்ல எடுத்த படத்தைக் காட்டுங்க."

இல்லை என்றேன். ஜூலை? இல்லை. ஆகஸ்ட்? அதுவும் இல்லை. செயற்கைக்கோள் படம்? அந்த மாதங்களில் மேகம்தான் தெரியும். எனக்கே கேட்க ஒரு மாதிரி இருந்தது. "எங்க நிதி மார்ச்லதான் சார் துளிர்க்கும்" என்றேன். எல்லாச் சதுரங்களிலும் முகங்கள் சிரித்தன. எல்லோரும் அரசாங்கத்தில் இருப்பவர்கள், விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுத் தலைவர் ஜூலை கடைசிவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் உயிர் இருக்கிறது என்று காட்டினால் தொடரலாம், இல்லையென்றால் மூடிவிடலாம். ஜூலையில் களப்பணிக்குப் பணம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நல்லா சிரிப்பு காட்டுனீங்க சார்."

"அவங்க சிரிச்சதாலதாம்மா ஜூலை வரைக்கும் குடுத்தாங்க."

"சரி, ஜூலையில எதுல போவோம்?"

"வண்டி சாங்ஷன் ஆகாதே."

"உங்க கார் என்ன செய்யி? வாரத்துல ஆறு நாள் கவர் போட்டுத்தான நிக்கி?"

"அது பழசும்மா. கோதாவரியைப் பாத்தா பயந்துரும்."

"நீங்க பயப்படாதீங்க, அது போதும். ரேஞ்சர்ட்ட நான் பேசுதேன். ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துருவோம், லீவும் வேண்டாம்." வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "எனக்கு இது வெளையாட்டு இல்ல சார்."

தெரியும் என்றேன். தெரிந்துதான் இருந்தது. மேசைமேல் இருக்கிற பேனா தெரிவதுபோல.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வழியெல்லாம் மழை. சித்திப்பேட்டை தாண்டியதும் வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைக்க ஆரம்பித்தது, அதுவும் என் பக்கம் இல்லை. அந்த அம்மா பார்த்துப் பார்த்து வழி சொன்னார். காட்டு ரோட்டில் காரை நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்தோம்.

பிளாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கிற இடம். ஒரே பாதையில் இரண்டு முறை போய்த் திரும்பினோம். முறம் அளவு இலைகள் முகத்தில் இடித்தன, எதிரே ஐந்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கடைசியில் அந்த அம்மா கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைத் துடைத்துப் பார்த்தார்.

"சார், நாம உள்ளதான் நிக்கோம்."

"எதுக்குள்ள?"

"பிளாட்டுக்குள்ள."

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். மழை இலைமேல் விழுகிற சத்தம் தகரக் கூரைமேல் விழுவதுபோல் கேட்டது. இப்போதாவது எனக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். கொசு கடித்தது. பிளாட்டின் மூலையில் அந்த அம்மா ஒரு தகட்டைக் கண்டுபிடித்து, உறவுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி அதன் எண்ணைச் சொன்னார். அண்ணாந்து பார்த்தார்.

"உயிரு. போடுங்க சார்."

படிவத்தில் போட்டேன். அவர் ஒவ்வொரு மரமாக எண்ணும் உயிரும் சொல்லிக்கொண்டே போக, நான் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே எழுதிக்கொண்டு போனேன். நடுநடுவே அண்ணாந்தபடி நிற்பார். பிறகு "இல்ல" என்பார், குரல் தாழ்ந்து. தேக்கின் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி அதன் சாறு பட்டு அவர் விரல்களெல்லாம் சிவந்துபோயிருந்தன. பெரும்பாலும் உயிர்தான். ஒரு மருத மரத்தின் கீழ் வெகுநேரம் நின்றார். மேலே முழுக்கக் காய்ந்திருந்தது. அடியில் மட்டும் ஒரு கொத்துத் துளிர்.

"விதிப்படி பாத்தா இது செத்ததுதாம்மா."

"வேர்லேர்ந்து வந்துருக்கே சார்."

"அது இதோட வேரா, பக்கத்து மரத்தோடதா?"

"தோண்டியா பாக்க முடியும்?"

"அப்ப என்ன போட?"

"நீங்கதான தலைவரு."

அவர் முகத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. "அடுத்த வருஷம் பாக்கணும்னு போடுறேன்" என்றேன்.

"அப்படி ஒரு கட்டம் கிடையாதே சார்."

"போட்டுக்கலாம்." ஓரத்தில் ஒரு கோடு போட்டு எழுதினேன். அவர் அடுத்த மரத்துக்குப் போனார்.

திரும்பும்போது ரோட்டோர டிபன் கடை ஒன்றில் நிறுத்தினோம். சிக்னல் கிடைத்ததும் படங்களையெல்லாம் கமிட்டித் தலைவருக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கமாட்டார் என்று நினைத்தேன். தோசை வருவதற்குள் பதில் வந்துவிட்டது. தொடரலாம், கடிதம் பின்னால் வரும் என்று ஒரே வரி. போனை அப்படியே அந்த அம்மா பக்கம் நகர்த்தினேன். அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வாரேன் சார்" என்று எழுந்தார்.

குடையை எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வெளியே மழையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியவில்லை. எனக்கும் ஏதாவது வரும் என்று ஒரு நிமிடம் அசையாமல் இருந்து பார்த்தேன். வரவில்லை. அதற்குள் இரண்டு தோசையும் வந்துவிட்டன. சர்வரிடம் காலித் தட்டு ஒன்று கேட்டு வாங்கி, அவருடைய தோசை ஆறாமல் இருக்க அதன்மேல் கவிழ்த்து வைத்தேன்.